பேருந்து நிலையத்துக்கு நான் வராமல் போனதற்கான விளக்கம்

பெருமதிப்புக்குரிய தமையனார் ஹார்லன் ஸ்லெட்டன் அவர்கள் சமூகத்துக்கு, இளையவன் ஆரின் விஸ்கான்சினிலிருந்து பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் அண்ணி கார்லாவும் லிங்கனில் சுகமே இருப்பீர்கள் என்றும், தங்கள் வலது கண்ணில் செய்த ஆபரேஷன் நல்லபடியாக ஆறியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. இடுப்பு, இரண்டு முழங்கால், வலது தோள்பட்டை, தன்மானம் ஆகியவை நீங்கலாக மற்றபடி சுகம்.

ஏழு வருஷமாக நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று, நான் என் வழிபாட்டு முறைப்படி குழிமேட்டில் ஒரு பாட்டில் பீரை ஊற்றி அவர் பெயரைச் சொன்னதும், பாதிரியாரின் முகம் கோணிப்போனதும், தாங்கள் என்னை சர்ச் வாசலிலிருந்து போகச் சொன்னதும் ஊரறிந்த கதை. அப்படியிருக்க, தாங்களே மனமிரங்கி, "செப்டம்பர் இருபது, சனிக்கிழமை, மதியம் 2.10 பஸ்ஸில் வருகிறேன், வந்து கூட்டிப்போ" என்று அஞ்சலட்டை போட்டு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, இரண்டரை மணி நேரம் எங்கள் ஊர் நிலையத்தில் காத்திருந்து, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறீர்கள். கூட்டிப்போக வேண்டியவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கான விளக்கம் கீழே. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்து முடித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்குத்தான் எங்கள் பேகன் பெருமை நாள். பழங்காலத்துத் தெய்வங்களைக் கும்பிடுகிற எங்களைத் தாங்கள் 'மரத்தைக் கும்பிடுகிற கும்பல்' என்பீர்களே, அந்தக் கும்பல் வருஷத்துக்கு ஒரு முறை ஃபெர்ன் ஹாலோ பூங்காவில் எல்லாருக்கும் பொதுவாக நடத்துகிற விழா. அனுமதி இலவசம். வருகிறவர்கள் ஏழைகளுக்கென்று ஒரு டப்பா உணவு கொண்டுவந்தால் போதும். பதினொரு வருஷமாக ஒருங்கிணைப்பாளர் நான்தான். எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள். முதல் வருஷக் கூட்டத்தில் நான் கழிவறைக்குப் போயிருந்தபோது தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கழிவறைகளும் என் பொறுப்பு. இந்த வருஷம் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால், வாடகைக் கழிவறை நான்கையும் கொண்டுவந்தவன், பலிபீடம் வைக்க வேண்டிய இடத்தில், கிழக்கு பார்த்து, வரிசையாக நிறுத்திவிட்டுப் போய்விட்டான். போன் செய்தால், "தரை சமமா இருந்த இடத்துல வச்சேன் சார், இதுல என்ன தப்பு?" என்கிறான். சூரியன் உதிக்கும் திசையில் கக்கூஸ் இருக்கக்கூடாது என்று போனில் ஒருவனுக்கு எப்படிப் புரியவைப்பது? நானும், பூசையில் வடக்குத் திசைக்கு நிற்கிற பர்னெலும் இன்னும் நாலு பேருமாக நெட்டித் தள்ளினோம். பர்னெல் பிளம்பர், ஆள் குதிர் மாதிரி இருப்பான். அவன் தள்ளிய வேகத்தில் ஒன்று சாய்ந்தது. காலியாகத்தான் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று தெய்வம் கூட இருந்தது.

பூசை பன்னிரண்டு மணிக்கு. நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும், ஒரு மணிக்குக் கிளம்பினால்கூட நடந்தே நிலையத்துக்கு வந்து, தங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கலாம் என்பது என் கணக்கு. பதினொரு வருஷ அனுபவத்தில் எங்கள் ஆட்கள் எதையும் நேரத்துக்குத் தொடங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கணக்குப் போட்டேன். பதினொன்றே முக்காலுக்குப் பூங்கா அதிகாரி கெரி என்ற பெண் வந்து, பூங்காவுக்குள் கத்தி கூடாது என்றாள். பூசைக்குக் காவலாக எங்களைச் சுற்றி வட்டம் கட்டுவதற்குப் பூசாரி மொரீன் வைத்திருக்கும் கத்தி வெண்ணெய்கூட வெட்டாது. அதைச் சொன்னோம். "வெட்டுதோ வெட்டலையோ, கத்தி கத்திதாங்க. என் வேலைக்கு உலை வச்சுராதீங்க" என்றாள். கடைசியில் எலுமிச்சை ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்த மர அகப்பையை வாங்கி, துடைத்து, அதற்கு ஒரு ஆசீர்வாதம் செய்து, அதைக் கொண்டே வட்டம் கட்டுவது என்று முடிவாயிற்று. பிறகு வடக்கிலிருந்து தொடங்குவதா கிழக்கிலிருந்து தொடங்குவதா என்று வாதம். எங்கள் சங்கத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கட்டைவிரலைக் கீழே காட்டினாலும் விஷயம் படுத்துவிடும். ஒரு மணி நேரம் கட்டைவிரல்கள் ஏறி இறங்கின. வழக்கம்போலக் கிழக்கு.

ஆக, வட்டம் கட்டும்போது மணி ஒன்று இருபது. அண்ணா, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. நூற்று முப்பத்தேழு பேர் கைகோத்து நிற்கிறோம். நாலு திசைக்கு நாலு பேர். முப்பத்தொரு வருஷம் நகராட்சித் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் என்பதால் எனக்கு மேற்கு, அது தண்ணீரின் திசை. மொரீன் அகப்பையை நீட்டிக்கொண்டு சுற்றி வந்து வட்டத்தைக் கட்டினாள். கட்டிவிட்டால், பூசை முடிந்து அவள் அவிழ்க்கிறவரை யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. நாய், பூனை, ஏழு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. அவசரம் என்றால் அவள் காற்றில் ஒரு வாசல் வெட்டி விடுவாள். செல்போன்கள் எல்லாம் வெளியே ஓக் மரத்தடியில் ஒரு கூடையில். நீங்கள் அடித்த ஒன்பது போனும் அந்தக் கூடைக்குள்தான் அடித்திருக்கின்றன. பாதியில் ஏதோ ஒரு போன் விடாமல் அடிப்பது கேட்டது. யாருடையதோ என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று. வர்ஜில் என்று ஒரு ரிட்டயர்டு தபால்காரர். வருஷா வருஷம் 'மனந்திரும்புங்கள்' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு எதிராக வந்து நிற்பார். பத்து வருஷமாகப் பார்த்துப் பழகி, இப்போது நாங்களே அவருக்கு நாற்காலியும் ஜூஸும் கொடுக்கிறோம். இந்த வருஷம் கூட்டம் அதிகமாகி வட்டம் பெரிதானதில், அவர் பலகையோடு உள்ளே மாட்டிக்கொண்டார். மொரீன் சுற்றி வந்த பிறகுதான் கவனித்தார். "அடப்பாவிகளா, என்னையும் சேத்துக் கட்டிட்டீங்களாய்யா?" என்றார். வாசல் வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் வேணாம். அடுத்தவன் ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போறது மரியாதையில்ல. முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். உங்கள் சர்ச் ஆள்தான். வளர்ப்பு தெரிகிறது.

பட்ட காலிலே படும் என்பார்கள். பலிபீடத்தில் தேன் கேக் இருந்தது. தேன் இருந்தால் குளவி வரும். வந்தது. மொரீன் தெய்வத்தை அழைக்க வாயைத் திறந்த நேரம் பார்த்து உதட்டில் கொட்டியது. அவளுக்குக் குளவி ஆகாது என்பது அதுவரை அவளுக்கே தெரியாது. இரண்டு நிமிஷத்தில் முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கெரி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சர் வருகிறது என்றதும் மொரீன், அந்த நிலைமையிலும், அகப்பையால் ஒரு வாசல் வெட்டி, தான் வெளியே போனதும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அதை மூடிவிட்டுப் போனாள். அப்படி ஒரு கடமை உணர்ச்சி. அகப்பையையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

வண்டி போன சத்தம் அடங்கினதும், எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறோம். மணி ஒண்ணே முக்கால்.

"இப்ப யாரு அவுக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கட்டினவங்கதான் அவுக்கணும்," என்றான் பர்னெல். "மொரீன் அக்காவே சொல்லிக் குடுத்ததுதானே. நடுவுல நாம கை வச்சா முறை தப்பிரும்."

"கட்டினவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்களே!"

"அதுக்கு நான் என்ன பண்ண? பைப்பாயிருந்தா கழட்டிருவேன்."

ட்ரூயிட் என்கிற ஓக் மரப் பூசாரிக் கூட்டத்துப் பெரியவர் ஒருவர், எல்லாரும் ஒரே நேரத்தில் ஓரடி வெளியே எடுத்து வைத்தால் யார் மீதும் குற்றமில்லை என்றார். மூன்று கட்டைவிரல் கீழே. நார்வே தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், தங்கள் வழக்கத்தில் வட்டமே கிடையாது, ஆனால் விருந்தாளியாக வந்த இடத்தில் சட்டம் பேசக்கூடாது என்று விரலைப் படுக்கையாக வைத்தார்கள். விரல் படுக்கையாக இருந்தால் என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் போயிற்று. வர்ஜில் மட்டும், "உங்களைப் பாத்தா எங்க சர்ச் கமிட்டியே தேவலாம் போலிருக்கேய்யா" என்றார்.

அதற்குள் கழிவறைப் பிரச்சினை. நான் பாடுபட்டு மேற்கே தள்ளி வைத்த கழிவறைகள் கோட்டுக்கு வெளியே நாற்பதடியில் நிற்கின்றன. உள்ளே நூற்று முப்பத்தாறு பேர், அதில் பாதிப் பேர் என் வயசு, காலையிலிருந்து இலவச எலுமிச்சை ஜூஸ். அப்போதுதான் ஒரு அம்மாள், வட்டத்தைத் தாண்டத்தானே கூடாது, வட்டத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டாள். அண்ணா, பதினொரு வருஷத்தில் முதல் முறையாக அத்தனை கட்டைவிரலும் மேலே போயின. எல்லாரும் கைகோத்தபடியே பின்பக்கமாக நடந்தோம். கை எட்டாத இடத்தில் சால்வை, இடுப்புக் கயிறு, கூடாரத்துத் துணி எல்லாவற்றையும் முடிந்து நீட்டினோம். ஒரு வழியாகக் கழிவறைகள் வட்டத்துக்குள் வந்தன. கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை.

"அப்படியே இன்னும் ஒண்ணரை மைல் நீட்டினா பஸ் ஸ்டாண்டும் உள்ள வந்துரும்," என்றார் வர்ஜில். நான் அண்ணன் வருகிறார் என்று அவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லிவிட்டேன். மணி இரண்டரை. நீங்கள் வந்து இறங்கி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஒருத்தரும் கோட்டைத் தாண்டி நகரவில்லை. நான் மட்டும் எப்படி நகர்வது, சொல்லுங்கள். ஒருங்கிணைப்பாளன் வேறு, மேற்குத் திசை வேறு. நான் போனால் மேற்கே ஓட்டை விழுந்துவிடாதா?

கெரி மட்டும் உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தாள். நம்பாதவர்களை வட்டம் கட்டாது என்று பர்னெல் விளக்கம் சொன்னான். "ஐயா, அஞ்சு மணிக்கு நான் கேட்டைப் பூட்டணும். வட்டத்தோட பூட்டவா, வட்டத்தை அவுத்துட்டுப் பூட்டவா?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பூங்கா ஆபீசுக்குப் போன் வந்தது. கெரி அதைத் தன் போனுக்கு மாற்றி, ஒலிபெருக்கியில் போட்டு வட்டத்துக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கின உதட்டோடு மொரீன் நாலு திசைக்கும் நன்றி சொல்லி வட்டத்தை அவிழ்த்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தெய்வங்களுக்குப் புரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். பின்னால் ஒரு நர்ஸ், "அகப்பையைக் கீழ வைங்கம்மா, ஊசி போடணும்" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் ஓடினேன். அறுபத்தாறு வயசில், மேற்குத் திசைக்கு உரிய நீல அங்கியோடு, ஒண்ணரை மைல் ஓடினேன் என்று எழுத ஆசை. முக்கால்வாசி நடைதான். நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது அஞ்சு பத்து. நாலு நாற்பது பஸ் போயாச்சு. டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மா என் அங்கியை மேலும் கீழும் பார்த்துட்டு, "ஆரின்ங்கிறது நீங்கதானா?" என்றாள்.

"உசரமா ஒருத்தர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. அந்த ஓரத்துல உக்காந்திருந்தாரு. மூணு தடவை வாசலுக்குப் போயிப் போயிப் பாத்தாரு. வீட்டு விலாசம் கையில இருக்கே, டாக்ஸி கூப்பிடட்டுமான்னு கேட்டேன். 'அவன் வந்து கூப்பிட்டாத்தான் போவேன்'னுட்டாரு. கிளம்பும்போது இதைக் குடுத்தாரு. 'வந்தா அவன்கிட்ட குடுங்க, வரலேன்னா நீங்க சாப்பிடுங்க'ன்னாரு. அஞ்சு மணி வரைக்கும் பாத்தேன். அப்புறம் ஒண்ணு சாப்பிட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க."

துணியில் சுற்றின உருளைக்கிழங்கு ரொட்டி. அண்ணி கைப்பக்குவம். பதினொண்ணு இருந்தது. அந்த ஓரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து மூணு தின்றேன். வெண்ணெயும் சர்க்கரையும் சரியா, அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரியே தடவியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என் அங்கியைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டாங்க. நல்லதாப் போச்சு.

ஆகவே, அண்ணா, நடந்தவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், குற்றம் கழிவறைக்காரன் மீது பாதி, குளவி மீது பாதி. மீதி இருந்தால் எங்கள் சங்க விதிமுறை மீது. ஒருங்கிணைப்பாளர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை ஏற்பதற்கும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமாம், பர்னெல் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டான். என் மீது தனிப்பட்ட முறையில் எந்தத் தவறும் இல்லை என்பதைத் தாங்கள் பெருந்தன்மையோடு ஏற்பீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்கள் கண்ணும், காலும், தோட்டத்துச் சோளமும் குறைவின்றி இருக்க, நீங்கள் கும்பிடும் தெய்வத்தையே, இந்த ஒரு தடவை உங்களுக்காக, நானும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
ஆரின் ஸ்லெட்டன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, மறுபடி எடுத்து எழுதுகிறேன். ஒருத்தரும் நகரவில்லை என்று மேலே எழுதினேன் இல்லையா, அது பொய். மூணு மணிக்கெல்லாம் நாற்பது ஐம்பது பேர் போயாச்சு. பிள்ளையை விளையாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியவர்கள், மாத்திரை போட வேண்டியவர்கள், பொறுமை போனவர்கள் எல்லாரும், கையாலேயே வாசல் மாதிரி கோடு போட்டுவிட்டு, சாரி சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பர்னெல் என்னிடம் வந்து, "மேற்கை நான் பாத்துக்கறேண்ணே, உங்க அண்ணன் வந்திருப்பாரு, போங்க" என்றான். நான் முறை பேசினேன். வர்ஜில் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்க ஆளு இல்லியே, என்னை ஒண்ணும் பண்ணாது. வேன்ல போயிக் கூட்டிட்டு வந்துரட்டுமா? பேரு மட்டும் சொல்லு" என்றார். வேண்டாம் என்றேன். "ஏன்யா?" என்றார். நான் சால்வை முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பீர் ஒரு சாக்கு, அண்ணா. அது உனக்கும் தெரியும். நீ என்னைப் போகச் சொன்னது பீருக்காக இல்லை. அதுக்கு முன்னால சர்ச் சமையலறையில், அண்ணியும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் கேட்க, ஒன்பது வருஷம் அப்பாவை நீ வச்சுப் பார்த்துக்கிட்டது பாசத்தால இல்ல, உனக்கு வேற போக்கிடம் இல்லாததாலன்னு நான் சொன்னேனே, அதுக்காக. அந்த ஒன்பது வருஷத்துல ரெண்டே ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தவன் நான். நான் அதைச் சொன்னேன். உன் அட்டை வந்ததிலிருந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நீ என் முகத்தைப் பார்க்கும்போது முதல் வார்த்தையா என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒண்ணும் வரலை. குளவி கொட்டினப்போ, மொரீனுக்காகப் பயந்தேன், நிஜம்தான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு மூலையில, அப்பாடான்னு இருந்துச்சு. அந்தப் போன் அடிச்சதும் என்னோடதுதான்னு எனக்குத் தெரியும்.

வர்ற சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் லிங்கனில் இறங்குறேன். நீ ஸ்டேஷனுக்கு வராதே, கண்ணைக் கெடுத்துக்காதே. நானே நடந்து வந்து கதவைத் தட்டுறேன். திறக்கலைன்னா வாசப்படியில உக்காந்திருக்கேன், அண்ணி குப்பை கொட்டவாவது வெளியே வந்துதானே ஆகணும். அன்னிக்குச் சொன்னது பொய், சொன்னது தப்புன்னு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும், அவ்வளவுதான். சொன்னப்புறம் நீ போன்னு சொன்னா, போயிடுறேன்.